மூத்த ஃபாஸ்டினா காசில் வெள்ளிக்கு அடியில் செம்பு தெரிகிறது

போன மார்ச்சில் லண்டனில் ஒரு ஞாயிறு சந்தையில் வாங்கிய ரோமானிய தெனாரியஸ் (வெள்ளிக் காசு) இது. பத்து நாள் முன்பு காசிலுள்ள முகத்தின் காதுக்குப் பக்கத்தில் கடுகளவு வெள்ளி உரிந்து, உள்ளே செம்பழுப்பாகத் தெரிகிறது. அதிலிருந்து தூக்கமில்லை.

முன்பக்கம் ரோமப் பேரரசர் அந்தோனினஸ் பயஸின் மனைவி மூத்த ஃபாஸ்டினா. பின்னலைச் சுற்றி உச்சந்தலையில் கட்டிய கொண்டை. மகள் இளைய ஃபாஸ்டினா என்றால் கொண்டை பிடரிக்கு இறங்கியிருக்கும். பெயருக்கு முன்னால் ‘டிவா’ இருக்கிறது. எனவே அவர் இறந்து தெய்வமாக்கப்பட்ட பிறகு வெளியிட்ட வகை. பின்பக்கம் ‘அவுகுஸ்தா’ என்ற எழுத்தும், தீப்பந்தத்தோடு நிற்கும் செரிஸ் தேவியும்.

குறுக்களவு 17 மி.மீ. எடை 2.6 கிராம்தான், இந்த வகை மூன்று கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்த்தேன், 9.2 வந்தது. சுத்த வெள்ளி 10.5, செம்பு 8.9 என்றால் கணக்கு செம்புப் பக்கம்தான் சாய்கிறது. காந்தம் ஒட்டவில்லை (செம்பும் ஒட்டாதே, அதனால் பயனில்லை). அசிட்டோனில் ஒரு நாள் ஊறவைத்தேன், மாற்றமில்லை. பத்து மடங்கு லென்ஸில் விளிம்பைச் சுற்றிப் பார்த்ததில் வார்ப்புக் கோடு (அச்சில் உருக்கி ஊற்றிய காசில் தெரியும் இணைப்புத் தடம்) இல்லை. எழுத்துகளின் ஓரமும் மழுங்கவில்லை. விற்றவரை அப்புறம் அந்தச் சந்தையில் காணோம்.

ரோமானியர் காலத்திலேயே செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்திக் கள்ளக்காசு அடித்தார்கள். அப்படியொன்று என்றால் சந்தோஷமாக வைத்துக்கொள்வேன்.

இது அந்தக் காலத்துப் போலியா, இந்தக் காலத்து முலாம் பூச்சா என்பதை உரிந்த இடத்தின் விளிம்பில் எதைப் பார்த்துச் சொல்வது?