மலைக்காட்டில் இஞ்சிக் குடும்பச் செடிகளைக் கணக்கெடுப்பது எப்படி?

கேள்வி: தாவரவியல் மாணவி, தட்டோன்

அனைவருக்கும் வணக்கம். மியன்மாரின் கைக்டியோ மலையில், அடிவாரத்து மூங்கில் காட்டிலிருந்து உச்சியை ஒட்டிய பசுமைக்காடு வரை, இஞ்சிக் குடும்பத்துச் செடிகள் எத்தனை வகை உள்ளன என்று முதுகலை ஆய்வுக்காகக் கணக்கெடுக்க விரும்புகிறேன். ஜனவரியில் மழையும் அட்டையும் இராது என்பதால், அந்த மாதத்திலேயே உயரவாரியாகக் கட்டங்கள் (அளவெடுத்த சதுர நிலத்துண்டுகள்) அமைத்து எண்ணி முடித்துவிடலாமா? பூ இல்லாத செடிக்கு இலையை வைத்தே பெயர் சொல்ல முடியுமா?

பதில் 1: ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், ரங்கூன்

ஜனவரி வேண்டாம், அம்மா. மஞ்சள், கச்சோலம் ஆகியவற்றின் காட்டு உறவுகளும், குளோபா என்னும் இஞ்சிக் குடும்பச் செடியும் அப்போது இலையுதிர்த்து மண்ணுக்குள் கிழங்காக உறங்கிக்கொண்டிருக்கும். சித்தரத்தை, காட்டேலம் போன்று ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்பவைதாம் உங்கள் கணக்கில் ஏறும். மலையின் உண்மையான வளம் ஏறாது. காட்டு மஞ்சளில் சில, முதல் மழை விழுந்ததும் இலைக்கு முன்பே பூவைத் தரைக்கு மேல் நீட்டிவிடும். ரங்கூன் கடைத்தெருவில் புத்தருக்குப் படைக்க விற்கும் பதெயின்ஙோ பூ, அதாவது குளோபா, மழை நடுவில் வருவது. ஆகவே ஒரே பாதையை மழைத் தொடக்கம், நடு மழை, மழை ஓயும் காலம் என மூன்று பருவத்திலும் நடந்தாக வேண்டும்.

இலை சிற்றினத்தைச் சொல்லாது. ஆனால் எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் சொல்லும். மண்ணை விரலால் விலக்கி, கிழங்கு ஓடும் திசையைப் பாருங்கள். இரு வரிசை இலைகளும் அதே திசையில் விரிந்திருந்தால் இஞ்சி, மஞ்சள், குளோபா பக்கம். கிழங்குக்குக் குறுக்கே விரிந்திருந்தால் சித்தரத்தை, ஏலம் பக்கம். இலைகள் தண்டைச் சுற்றிச் சுருளாக ஏறினால் அது கோஷ்டம். தனிக் குடும்பம், உங்கள் பட்டியலில் சேராது. காட்டேலத்தின் பூ செடியின் உச்சியில் இராது. அடியில் சருகை விலக்கித் தேட வேண்டும். பூவே இல்லை என்று பலர் எழுதிவிடுவது இதனால்தான்.

பதில் 2: விரிவுரையாளர், மோல்மேன்

ஆசிரியர் ஐயா சொன்னதோடு கட்டங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இச்செடிகள் ஓடைக்கரையிலும், மரம் விழுந்து வெளிச்சம் புகுந்த இடத்திலும் கூடி வளர்பவை. குத்துமதிப்பாக அமைத்த கட்டத்துக்குள் ஒன்றுகூட விழாமல் போகலாம். கட்டங்களை அடர்த்தி அறிய மட்டும் வைத்துக்கொண்டு, வகைகளைத் தேடுவதற்கு ஓடையோரமாக நடந்து பாருங்கள். எண்ணும்போது தண்டுகளை அல்ல, தூர்களை எண்ணுங்கள். ஒரே கிழங்கிலிருந்து பத்துத் தண்டுகள் வரலாம்.

பூவைக் காட்டிலேயே பிரித்துப் பார்க்கப் பழகுவது மிக முக்கியம். பகட்டாகத் தெரியும் உதடு இதழன்று. மலடாகிப்போன இரண்டு மகரந்தத்தாள்கள் இணைந்து உருவானது. உண்மையான மகரந்தத்தாள் ஒன்றுதான். இஞ்சிப் பேரினத்தில் அதன் நுனி கொம்பு போல நீண்டு சூல்தண்டைச் சுற்றிக்கொள்ளும். பல பூக்கள் ஒரு நாளுக்கு மேல் தாங்கா. தாளில் அழுத்தினால் பழுப்புக் கறைதான் மிஞ்சும். ஆகையால் நிறத்தை அளவுகோலுடன் படமெடுத்து, பூவை 70 விழுக்காடு ஆல்கஹாலில் இட்டு, பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளேயே போடுங்கள். மைபேனா எழுத்து கரைந்துவிடும். பூ கிடைக்காத தூரை இடக்குறிப்புடன் அடையாளமிட்டு அடுத்த பருவத்தில் திரும்பிப் பாருங்கள்.

பதில் 3: வனத்துறையில் பணியாற்றியவர், பெகு

பழைய பட்டியல்களை அப்படியே நம்ப வேண்டாம். ஏல வகைகளைத் திரட்டி வைத்திருந்த அமோமம் பேரினம் 2018-இல் பலவாகப் பிரிக்கப்பட்டது. மறுபுறம், 2001-இல் தாய்லாந்துச் செடியைக் கொண்டு நிறுவப்பட்ட ஸ்மித்தாட்ரிஸ் பேரினத்தில் 2003-இல் நம் நாட்டுச் செடி ஒன்றும் சேர்ந்தது. ஆகவே பெயர் பொருந்தாத செடியைக் கிடைத்த பெயருக்குள் அடைத்துவிடாதீர்கள். உயரமும் துணை செய்யும்: ராஸ்கோயா ஆஸ்திராலிஸ் என்னும் இஞ்சிக் குடும்பச் செடி 3,000 மீட்டரைத் தாண்டும் சின் மாநில நத்மா டாங் மலைக்கு உரியது, சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள கைக்டியோவில் அப்பெயரை எழுத நேர்ந்தால் மறுபடி சரிபாருங்கள். பாதுகாக்கப்பட்ட காட்டில் கிழங்கு தோண்டுவதற்கு வனத்துறையின் எழுத்துமூல அனுமதி தேவை. மழைக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.