பைண்டர் போட்டும் இளம் பெண் பன்றிகளுக்குப் பிறப்புறுப்பு வீங்குகிறது, அளவைக் கூட்டலாமா?

சேற்றுக்கால்:
தீவனத்தை நானே அரைத்துக் கலக்கிறேன். புது மக்காச்சோளம் வந்ததிலிருந்து, இன்னும் பருவத்துக்கு வராத பெண் பன்றிகளின் பிறப்புறுப்பு சிவந்து தடித்திருக்கிறது. ஒன்றுக்கு ஆசனவாய் வெளியே தள்ளியிருக்கிறது. வளரும் பன்றிகள் தொட்டியில் மூக்கை வைத்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. டன்னுக்கு இரண்டு கிலோ பென்டோனைட் பைண்டர் (நச்சைப் பிடித்துக்கொள்ளும் களிமண்) ஏற்கெனவே சேர்க்கிறேன். ‘எல்லாப் பூஞ்சை நச்சுகளுக்கும்’ என்று மூட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நான்கு கிலோவாக்கலாமா? மணியில் பூஞ்சை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

வெயில்தாசன்:
நன்றாக வெயிலில் காய வையுங்கள், முடிந்தால் வறுத்துவிடுங்கள். பூஞ்சை செத்துவிடும்.

கலவைக்கூடம்:
பூஞ்சை சாகும், நச்சு சாகாது. வறுக்கும் சூட்டையெல்லாம் அது பெரும்பாலும் தாங்கிவிடும். புரோப்பியானிக் அமிலமும் அப்படித்தான்: இனிமேல் பூஞ்சை வளர்வதைத் தடுக்கும், ஏற்கெனவே உருவான நச்சைத் தொடாது.

சேற்றுக்கால், களிமண்ணைக் கூட்டாதீர்கள். பென்டோனைட் நன்றாகப் பிடிப்பது அஃப்ளாடாக்சின் என்ற வேறொரு பூஞ்சை நச்சை. அதன் மூலக்கூறு தட்டையானது, களிமண் அடுக்குகளுக்கிடையே போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளோ சியரலினோன், டான் (டியாக்சினிவலினால்) என்ற இரண்டு பூஞ்சை நச்சுகளைக் காட்டுகின்றன. இரண்டையும் ஒரே ஃபியூசேரியம் பூஞ்சை வயலிலேயே உண்டாக்குகிறது. அதனால்தான் அடிக்கடி சேர்ந்தே வருகின்றன. சியரலினோன், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல வேலை செய்வது. பன்றியின் கல்லீரல் அதை இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாற்றிவிடுவதால், மற்ற கால்நடைகளைவிடப் பன்றி அதிகம் பாதிக்கப்படுகிறது. டான்தான் தீவனத்தை வெறுக்க வைக்கிறது. களிமண் டானை ஏறக்குறைய விட்டுவிடும், சியரலினோனைக் கொஞ்சம்தான் பிடிக்கும். மூட்டையில் அச்சடித்தவருக்கு இது தெரியாமலிருக்காது!

இந்த இரண்டுக்கும் தேவை ஒட்டிக்கொள்ளும் பொருளல்ல, உடைக்கும் பொருள். சியரலினோனின் வளையத்தைத் திறக்கும் நொதி இருக்கிறது. டானுக்கு நச்சுத்தன்மை தரும் எபாக்சைடு பகுதியைக் குடலுக்குள்ளேயே நீக்கும் பாக்டீரியா இருக்கிறது. ஈஸ்ட் செல்சுவர் சியரலினோனை ஓரளவு பிடிக்கும், டானுக்கு அதை நம்ப வேண்டாம். வாங்கும்போது எந்த நச்சுக்கு, எந்த விலங்கில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். சோதனைக் குழாயில் பிடித்தது பன்றியின் குடலில் பிடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அதற்கு முன் சோளத்தைச் சல்லடையில் விடுங்கள். உடைந்த மணியிலும் தூசியிலும்தான் நச்சு செறிந்திருக்கும். மற்ற எதையும்விட மலிவான வேலை இது, ஆனால் யாரும் செய்வதில்லை. சலித்த தூசியை வேறு பன்றிக்குப் போட்டுவிடாதீர்கள்.

சேற்றுக்கால்:
மிக்க நன்றி. பரிசோதனைக்கு ஒரு கைப்பிடி அனுப்பினால் போதுமா?

கலவைக்கூடம்:
போதாது. நச்சு குவியல் முழுவதும் சமமாகப் பரவியிருக்காது; ஒரு மூலையில் ஒன்றுமே இருக்காது, அடுத்த மூலையில் அள்ளக் குறையாமல் இருக்கும். பல இடங்களில், பல ஆழங்களில் குத்தி எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து பங்கு பிரித்து அனுப்புங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் தந்த வழிகாட்டு அளவு: குட்டிகளுக்கும் இளம் பெண் பன்றிகளுக்கும் சியரலினோன் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், தாய்ப் பன்றிகளுக்கும் கொழுக்கும் பன்றிகளுக்கும் 0.25; டான் எல்லாப் பன்றிகளுக்கும் 0.9. இவை முழுத் தீவனத்துக்கான அளவுகள், தனிச் சோளத்துக்கானவை அல்ல.

ஊசிமருந்து:
நான் கால்நடை மருத்துவர். கலவைக்கூடம் சொல்லாத ஒன்று: பென்டோனைட் சில மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும், குறிப்பாகத் தீவனத்தில் கலக்கும் டைலோசின் போன்ற மேக்ரோலைடு வகை ஆன்டிபயாடிக்குகளை. டைலோசின் கொடுக்கும் நாள்களில் களிமண்ணை நிறுத்திவிடுங்கள். ஆசனவாய் தள்ளிய பன்றியை மற்றவை கடித்துக் குதறுவதற்குள் தனியே பிரித்து, பக்கத்திலுள்ள மருத்துவரிடம் காட்டுங்கள். வீக்கத்துக்கு ஊசி தேடி அலைய வேண்டாம். அந்தச் சோளத்தை நிறுத்தினால் சில வாரங்களில் தானாக வடியும். இருக்கும் நல்ல சோளத்தை முதலில் இளம் பெண் பன்றிகளுக்கும் சினைப் பன்றிகளுக்கும் ஒதுக்குங்கள்.