கோவில் கலியாணத்துக்குப் பெட்டிக் காட் பொருந்துமா?

பனங்கூடல்:
தங்கச்சிக்கு வருகிற தையில் கலியாணம். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோவிலில் காலைத் தாலிகட்டு, பிறகு வீட்டு முற்றத்துப் பந்தலில் வாழையிலைச் சாப்பாடு. இருநூறு பேருக்குத்தான் சொல்கிறோம். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணை வெல்வெட் சுற்றிய பெட்டிக்குள் அழைப்பிதழ் வைக்கிற பெட்டிக் காட் அடிக்கச் சொல்கிறார், காசும் தானே தருகிறாராம். அம்மாவுக்கு மூலையில் மஞ்சள் தடவிய மடிப்புக் காட்தான் வேணும். அண்மையில் யாழ்ப்பாணத்தில் காட் அடித்தவர்கள் ஒரு வழி சொல்லுங்கோ.

வடமராட்சிக் காற்று:
அம்மா சொல்வதுதான் சரி. காட்டைக் கையில் வாங்கும்போதே ஆக்கள் கலியாணத்தை மனதுக்குள் பார்த்துவிடுவார்கள். பெட்டியைத் திறந்தால் மண்டபம், மேடை, இரவுச் சாப்பாடு என்றுதான் நினைப்பு ஓடும். எங்கள் ஒன்றுவிட்ட தம்பிக்கும் கோவில் கலியாணம்தான். கனத்த காட், பொன்னெழுத்து. காலை 6.40 முகூர்த்தம் என்பது அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. சித்தப்பாவின் கூட்டாளி ஒருவர் மாலை ஐந்தரைக்குக் குடும்பத்தோடு வந்து இறங்கினார். பந்தல்காரர் கயிறு அவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். பட்டுச் சேலையோடு அந்த மாமி படலையடியில் நின்ற நிலை இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

சுன்னாகத்தான்:
நேரத்தைப் பொடி எழுத்தில் போட்டது பிழை, பெட்டியில் என்ன பிழை? அந்த அண்ணையையும் யோசியுங்கோ. தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குக்கு அவர் இல்லை, பந்தல்கால் நடவும் இல்லை. தூரத்தில் இருந்து தங்கச்சிக்குச் செய்யக் கிடைத்தது இது ஒன்றுதான். அதோடு காட் என்பது வைத்திருக்கிற பொருள். 1995 ஒக்டோபரில் யுத்தத்தால் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அம்மாவின் கலியாணப் படமெல்லாம் வீட்டோடு போய்விட்டது. கொழும்பில் பெரியம்மா வைத்திருந்த காட் ஒன்றுதான் மிஞ்சியது. அதனால்தான் நல்ல காட்டாக அடியுங்கோ என்கிறேன்.

வடமராட்சிக் காற்று:
தம்பி, அந்தக் காட் பெட்டியா, தாளா?

சுன்னாகத்தான்:
தாள்தான். ரோஸ் நிறத்தில் ஒரே மடிப்பு, மூலையில் மஞ்சள் கறை. பழைய கடிதக் கட்டுக்குள் கிடந்ததாம். சரி, பெட்டியை விடுகிறேன். ஆனால் விரல் பட்டதும் வளைகிற மெல்லிய மட்டை வேண்டாம். அண்ணையின் காசில் நல்ல தடித்த மட்டை வாங்கலாம்.

குருநகர் அலை:
எங்கள் வீட்டில் காலை கோவிலில் திருப்பலி, இரவு மண்டபத்தில் வரவேற்பு. இரண்டுக்கும் ஒரே ஆக்களைக் கூப்பிடவில்லை. அதனால் திருப்பலிக்கு ஒரு காட், வரவேற்புக்கு உள்ளே ஒரு சின்னத் தாள். வேண்டியவர்களுக்கு மட்டும் அந்தத் தாளை வைத்தோம். வெளிநாட்டுக்குப் பெரும்பாலும் வாட்ஸ்அப் படம்தான். இருநூறு பேருக்கு வாட்ஸ்அப்பே போதும் என்பேன், பனங்கூடல். மிஞ்சுகிற காசைத் தங்கச்சியின் கையில் கொடுங்கோ.

வடமராட்சிக் காற்று:
இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊரில் இருக்கிற மாமா, பெரியப்பாவுக்குப் படம் அனுப்பினால் அது சொன்னதாகாது. வீட்டுக்குப் போய், இருந்து, தேத்தண்ணி குடித்து, இரண்டு கையாலும் காட்டைக் கொடுத்தால்தான் சொன்னது. கொடுக்காமல் விட்ட ஒரு காட்டுக்காகப் பத்து வருடம் கதைக்காமல் இருக்கிற குடும்பம் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு.

குருநகர் அலை:
ஊர் ஆக்களுக்குச் சரி. ரொறன்ரோ, லண்டன் ஆக்களுக்குப் படமும் ஒரு தொலைபேசி அழைப்பும் போதும். தபாலில் போன எங்கள் காட்டுகளில் இரண்டு, கலியாணம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

அச்சுக்கூடத்துப் பிள்ளை:
நான் காட் வடிவமைக்கிறவன். பெட்டியோ தாளோ, மெய்ப்பு, அதாவது அடிப்பதற்கு முந்திய மாதிரிப் படி, பார்க்காமல் அடித்தால் எல்லாம் வீண். இங்கே யுனிகோட் இல்லாத பழைய பாமினி எழுத்துரு இன்னும் பழக்கத்தில் இருக்கிறது. நீங்கள் போனில் யுனிகோட்டில் அடித்து அனுப்புவதைப் பழைய மென்பொருளில் ஒட்டினால் கொம்பு இடம் மாறும். 'பெ' என்ற எழுத்தில் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் விழும். மணமகளின் பேரே அப்படி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது தமிழ் வருடப் பேர். 2027 தை என்றதும் பிலவங்க என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். வருடம் சித்திரையில்தான் மாறும். அந்தத் தையும் பராபவ வருடந்தான். நேரம் வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று ஐயரிடம் கேட்டு எழுதுங்கோ. இரண்டிலும் நேரம் ஒன்றாக இராது.

பனங்கூடல்:
அண்ணையோடு நேற்று இரவு கதைத்தேன். பந்தலையும் இலைச் சாப்பாட்டையும் சொன்னதும் அவரே, "அப்ப பெட்டி எடுபடாது" என்றார். தடித்த மட்டையில் ஒரே மடிப்பு, முகப்பில் பிள்ளையார், தாலிகட்டு நேரம் பேர்களுக்கு அடுத்த பெரிய எழுத்தில். வெளிநாட்டு ஆக்களுக்குப் படத்தை அண்ணையே அனுப்பி, ஒவ்வொருவரோடும் கதைக்கிறாராம். ஊர்க் காட்டுகளுக்கு அம்மாதான் மஞ்சள் தடவுவார். மெய்ப்பு வெள்ளிக்கிழமை வருகிறது, பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.