ஸ்வெட்டர் பின்னுவதையே முழுநேர வேலையாக்க முடியுமா?

குன்னூர்_ஊசி:
எல்லாருக்கும் வணக்கம். குன்னூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பள்ளியில் சிஸ்டர் ஒருவர் கற்றுக்கொடுத்த நிட்டிங்கை இன்றுவரை விடவில்லை, கையில் ஊசி இல்லாமல் என்னால் ஒரு சாயங்காலம் உட்கார முடியாது. கேபிள் (முறுக்குப் பின்னல்), லேஸ் (துளைப் பின்னல்), கழுத்திலிருந்து கீழே இறங்கும் ஸ்வெட்டர் எல்லாம் பேட்டர்ன் (எப்படிப் பின்னுவது என்ற எழுத்துக் குறிப்பு) பார்க்காமலே போடுவேன். தெரிந்தவர்கள் கேட்டால் குழந்தை செட் (ஸ்வெட்டர், குல்லா, பூட்டீஸ்) 900 ரூபாய்க்குப் பின்னிக் கொடுக்கிறேன். அதற்கே ஊட்டியில் திபெத்தியன் மார்க்கெட்டில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்கிறார்கள்.

வேலையை விட்டுவிட்டு இதிலேயே முழுசாக இறங்கலாமா என்று யோசிக்கிறேன். வீட்டுக்காரர் உன் இஷ்டம் என்கிறார், மாமியார் இதெல்லாம் பொழுதுபோக்கு, சோறு போடாது என்கிறார். யாராவது இதிலேயே சம்பாதிக்கிறீர்களா? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன்.

நூற்கண்டு:
நான் கோவையில் இருந்துகொண்டு பேட்டர்ன் எழுதி விற்கிறேன், வீட்டுச் செலவில் பாதி அதில் ஓடுகிறது. அதனால் சொல்கிறேன், வேலையை இப்போது விடாதீர்கள்.

ஸ்வெட்டர் விற்று மட்டும் சம்பளம் எடுக்க முடியாது. கணக்கு எழுதுகிறவர் நீங்கள், நீங்களே போட்டுப் பாருங்கள்: பெரியவர்களுக்கான சாதாரண ஸ்வெட்டர் ஒன்றுக்கு நல்ல வேகக்காரருக்கே 40 மணி நேரம் போய்விடும், மணிக்கு வெறும் 100 ரூபாய் வைத்தாலும் கூலியே 4,000, நூல் தனி. மார்க்கெட்டில் தொங்குவது பெரும்பாலும் பஞ்சாபில் லூதியானாவில் மிஷினில் ஓடி வந்தது, அதோடு விலையில் மோதவே கூடாது.

ஆனால் ஒரு ஸ்வெட்டரை ஒரு தடவைதான் விற்க முடியும், அதன் பேட்டர்னை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அமெரிக்காவில் எலிசபெத் சிம்மர்மன் என்று ஒரு அம்மா இருந்தார், இன்றைக்கும் நிட்டிங் செய்கிறவர்கள் மரியாதையோடு சொல்லும் பெயர். அவர் 1959-ல் ஸ்கூல்ஹவுஸ் பிரஸ் என்ற சொந்த நிறுவனம் தொடங்கியதும் பேட்டர்ன், தபாலில் நூல், பிறகு டிவி பாடம், பயிற்சி முகாம் என்றுதான் போனார். இன்றைக்குப் பேட்டர்ன் விற்க ரேவல்ரி, எட்சி என்று இரண்டு இணையதளங்கள் இருக்கின்றன. ஒரு பிடிஎஃப் பொதுவாக 5 முதல் 8 டாலர். எட்சியில் பட்டியலிட 20 சென்ட், விற்றால் 6.5 சதவீதம், பணம் வந்து சேரும் கட்டணம் வேறு. பேபால் 2021 ஏப்ரலோடு இந்தியாவில் இருப்பவர்கள் தங்களுக்குள் பணம் அனுப்பும் சேவையை நிறுத்திவிட்டது, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்குத் தடை இல்லை. பேட்டர்ன் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வெளியே இருப்பதால் நமக்கு அது போதும்.

கஷ்டம் வேறு இடத்தில். உங்கள் கைக்குத் தெரிந்ததை முன்பின் தெரியாத ஒருத்தர் படித்துப் பின்னும்படி எழுத வேண்டும். 6 மாதக் குழந்தைக்கு மார்பளவு 43 செ.மீ., தாராளத்துக்கு 5 சேர்த்தால் 48. உங்கள் கேஜ் (குறிப்பிட்ட அகலத்தில் உங்கள் கைக்கு விழும் கண்ணிகள்) 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்றால் 106 கண்ணி வரும். அதே 106-ஐ, 10 செ.மீ.க்கு 20 கண்ணி விழும் தளர்ந்த கைக்காரர் போட்டால் 53 செ.மீ. ஆகி ஒன்றரை வயதுக் குழந்தைக்குத்தான் போகும். கேஜ் பார்க்கச் சொல்லி எழுதாத பேட்டர்னுக்குத் திட்டு நிச்சயம். அதனால் வெளியிடுவதற்கு முன் கணக்கைச் சரிபார்க்க ஒரு டெக் எடிட்டருக்குக் காசு கொடுங்கள், வேறு வேறு கை உள்ள நாலைந்து பேரிடம் கொடுத்துப் பின்னச் சொல்லுங்கள். ஒரு பேட்டர்னில் ஒன்றும் வராது. பத்துப் பதினைந்து சேர்ந்த பிறகுதான் பழையது புதியதை இழுத்துக்கொண்டு ஓடும், அதுவரை சம்பளம் வேண்டும்.

பனியன்_ஊர்:
திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் சாம்பிள் பிரிவில் இருக்கிறேன் மேடம். பின்னலாடை நகரம் என்றதும் இங்கே ஸ்வெட்டர் வேலை கொட்டிக் கிடக்கும் என்று பலரும் கேட்கிறார்கள். இங்கே ஓடுவது அதிகமும் வட்டப் பின்னல் மிஷின், பனியன் துணி, டி-சர்ட் துணி. ஸ்வெட்டருக்கான பிளாட் நிட்டிங்குக்கு (தட்டையாகத் துண்டு துண்டாகப் பின்னுவது) லூதியானாதான் பெரிய இடம்.

ஆனால் கையால் பின்னத் தெரிந்தவருக்கு ஆலை வேலையே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். ஷிமா செய்கி, ஸ்டோல் மாதிரி கம்ப்யூட்டர் பிளாட் மிஷின்களுக்கு டிசைன் புரோகிராம் போடுகிறவர்கள் வேண்டும். ரிப் (ஓரத்தில் வரும் இழுபடும் பின்னல்) எவ்வளவு சுருங்கும், கேபிள் போட்டால் அகலம் எவ்வளவு இழுக்கும், தோள் உட்கார எந்த வரிசையில் கண்ணி குறைக்க வேண்டும், இதெல்லாம் சாஃப்ட்வேர் மட்டும் படித்து வருகிற பையன்களுக்குப் புரியவே நாளாகிறது, உங்களுக்கு விரல் நுனியில் இருக்கும். திருப்பூரிலேயே நிஃப்ட்-டீ கல்லூரியில் பின்னலாடை டிசைன் சொல்லிக்கொடுக்கிறார்கள். மலையை விட்டு இறங்கத் தயாராக இருந்தால் இது மாதச் சம்பளம் தரும் வழி.

இறங்க மனசில்லை என்றால், நீலகிரியில் இத்தனை போர்டிங் பள்ளிகள், எல்லாவற்றுக்கும் யூனிஃபார்ம் ஸ்வெட்டர் வேண்டும். கையால் இழுக்கும் சின்ன பிளாட் மிஷின் ஒன்று வாங்கி ஒரே ஒரு பள்ளி ஆர்டர் பிடித்தால்கூட வருஷா வருஷம் திரும்பி வரும். ஊசியில் பின்னுகிற சுகம் அதில் இருக்காதுதான்.

நாஞ்சில்_லேஸ்:
தங்கச்சி, நான் நாகர்கோவில். எங்கள் ஊரில் இந்த வேலைக்கு 200 வருஷக் கதை இருக்கிறது. 1820-களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மா இங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார், அடிமையாக இருந்த பெண்கள் அந்தக் கூலியைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். கைவேலைக்கு அந்தச் சக்தி உண்டு. ஆந்திராவில் நரசாபுரத்தையும் பார்க்க வேண்டும். அங்கே குரோஷே (ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னுவது) லேஸ் உலகமெல்லாம் போனது, ஆனால் வீட்டில் உட்கார்ந்து பின்னிய பெண்களுக்கு ஏஜென்ட் கையிலிருந்து வந்தது சொற்பக் கூலி. 2024-ல் அந்த லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்லதுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கொஞ்ச நாளில் உங்களிடமும் யாராவது வந்து நூல் நாங்கள் தருகிறோம், பீஸுக்கு இவ்வளவு என்பார்கள். என்னிடம் அப்படி வாங்கிப் போனவர்கள் கடைசித் தவணையைத் தரவே இல்லை. முன்பணம் இல்லாமல் ஒரு கண்ணிகூடப் போடாதீர்கள்.

எனக்குச் சோறு போடுவது வகுப்புதான். சனி, ஞாயிறு நேரில், வார நாளில் வீடியோவில். கற்றுக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டாம், 2016 ஜனவரியில் சென்னையில் பெண்கள் சேர்ந்து 11,148 சதுர மீட்டருக்குக் குரோஷே போர்வை செய்து கின்னஸில் ஏறினார்கள், அத்தனை கைகள் நம் நாட்டில் இருக்கின்றன. நிட்டிங்கோடு குரோஷேவும் சேர்த்துக்கொள்ளுங்கள். உண்மையான குரோஷேவை ஆலையில் போடும் மிஷின் இன்னும் வரவில்லை, கடையில் தொங்கும் அசல் குரோஷேவும் எங்கோ ஒருவர் கையால் போட்டதுதான். அப்புறம், குன்னூருக்கு வருகிற டூரிஸ்டுக்கு ஹோம்ஸ்டேயில் இரண்டு மணி நேர வகுப்பு, ஊசியும் நூலும் சேர்த்து ஒரு பை, நான் மலையில் இருந்தால் இதைத்தான் முதலில் செய்வேன்.

குன்னூர்_ஊசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அக்காவுக்குக் கூடுதலாக. வேலையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் குழந்தை செட்டுக்கு ஒரு பேட்டர்னும் என்று ஆரம்பிக்கிறேன், பள்ளி ஆர்டரையும் விசாரிக்கிறேன். நூற்கண்டு, ஒரு சந்தேகம். நான் பின்னுவதெல்லாம் லூதியானா அக்ரிலிக் நூல், வெளிநாட்டில் வாங்குகிறவருக்கு அது கிடைக்காதே, எந்த நூல் என்று எழுதுவது?

நூற்கண்டு:
நீங்கள் பின்னிய நூலின் பெயரை எழுதுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். நூலின் கனத்துக்கு உள்ள எண் (குழந்தை செட்டுக்கு 3, அதாவது டிகே எனப்படும் நடுத்தர மெல்லிய நூல், வசதி), 100 கிராமில் எத்தனை மீட்டர், ஒவ்வொரு அளவுக்கும் மொத்தம் எத்தனை மீட்டர் வேண்டும், ஊசி எத்தனை மி.மீ., கழுவி உலர்த்திய பிறகு 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை, இவ்வளவும் முதல் பக்கத்தில் வந்துவிட்டால் அவர் ஊர் நூலை அவரே தேடிக்கொள்வார். முதல் பேட்டர்னை 3, 6, 12 மாதம் என்று மூன்று அளவோடு நிறுத்துங்கள், மார்பளவு 40.5, 43, 45.5 செ.மீ. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், 6 மாத அளவை நான் பின்னிப் பார்த்துச் சொல்கிறேன்.