பாட்டு வருகிறது, குரலைக் காணோம்

குழு: ஐயா வீடு, கானாடுகாத்தான்

கானாடுகாத்தான் சித்தி: யாராவது இருக்கிறீர்களா? பொங்கலுக்கு ஐயாவுக்கு வாங்கித் தந்த புது போனில் இயர்போன் குத்த உருண்டை ஓட்டையே இல்லை. சார்ஜ் போடும் இடத்தில் செருகி அதில் இயர்போனை மாட்டுகிற மாதிரி ஒரு சின்ன வயர், காரைக்குடியில் 120 ரூபாய்க்கு வாங்கினேன். மாட்டினால் இயர்போனில் சத்தமே இல்லை, போனே வெளியே பாடுகிறது. இன்று விடியற்காலை 4.30க்கு பட்டாலை முழுக்க தேவாரம், அப்பத்தா எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

தேவகோட்டை மாமா: 120 ரூபாய்க்கு என்ன வரும். நல்லதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

மதுரை அண்ணன்: போனையே கடையில் மாற்றிக் கேட்கட்டுமா? பில் என்னிடம் இருக்கிறது.

நான்: பொறுங்கள் அண்ணே, மாமா நீங்களும். எதுவும் வாங்க வேண்டாம், எதையும் மாற்ற வேண்டாம். போன், வயர், இயர்போன் என்று மூன்று சாமான் இருக்கிறது, எது கெட்டது என்று தெரியாமல் எதை வாங்குவது? சித்தி, முதலில் அந்த இயர்போனை ஐயாவின் பழைய பட்டன் போனில் மாட்டிப் பாருங்கள்.

கானாடுகாத்தான் சித்தி: அதில் நன்றாகக் கேட்கிறது. அந்த போனோடு வந்த இயர்போன்தானே இது.

நான்: அப்போ இயர்போன் உயிரோடு இருக்கிறது. இனி அந்த வயரைப் புது போனில் செருகுங்கள். கடைசி வரை இறங்குகிறதா, ஆடுகிறதா?

கானாடுகாத்தான் சித்தி: ஆடுகிறது தம்பி. கால்வாசி வெளியே நிற்கிறது. சார்ஜர் வயரும் இப்படித்தான் அடிக்கடி நழுவுகிறது, நான்தான் சொல்லாமல் விட்டேன்.

நான்: சரி, உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. போனை அணைத்துவிட்டு, கவரையும் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசி, சேஃப்டி பின் எதுவும் உள்ளே போகக் கூடாது. நடுவில் மெல்லிய நாக்கு மாதிரி ஒன்று இருக்கும், பின்கள் எல்லாம் அதில்தான், அது உடைந்தால் போன் சார்ஜும் ஏறாது. மரத்தில் செய்த பல் குத்தும் குச்சி எடுத்து, ஓரமாக மட்டும் மெதுவாகச் சுரண்டுங்கள்.

தேவகோட்டை மாமா: வாயால் ஊதிவிடாதீர்கள். காரைக்குடி சிக்ரி மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்தில் இதைத்தான் தினமும் பார்த்தோம். எச்சில் ஈரமும் உப்பும் உலோகத்தில் உட்கார்ந்து, அதன் மேல் கரண்டும் ஓடினால் அரிப்பு வேகமாக வரும். அதுவும் ஐந்து வோல்ட் ஓடுகிற இடம்.

கானாடுகாத்தான் சித்தி: வந்துவிட்டது! படம் அனுப்புகிறேன். வெள்ளையாக, அரிசிப் பொரி அளவுக்கு, கையில் தேய்த்தால் மாவாகிறது. மோந்து பார்த்தால் திருநீறு! ஐயா சட்டைப் பையில் திருநீற்றுப் பையும் போனும் ஒன்றாகத்தானே போடுவார்கள். சட்டை நூலும் அதோடு சேர்ந்து அப்படியே தட்டி வைத்த மாதிரி கெட்டியாகிவிட்டது.

கோவை ஆச்சி: ஐயா நெற்றிக்கு மட்டுமா, போனுக்கும் பூசிவிட்டார்களா 😊

கானாடுகாத்தான் சித்தி: இப்போது வயர் டக்கென்று உட்கார்ந்துவிட்டது, ஆடவில்லை. ஆனால் தம்பி, சத்தம் இன்னும் வரவில்லையே.

நான்: அப்போ வயரின் வகைதான். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும், ஆனால் இரண்டு சாதி. ஒன்றில் வெறும் கம்பி மட்டும், போன் தானே பாட்டை மின் அலையாக மாற்றி அந்த ஓட்டை வழியே அனுப்பினால்தான் அது வேலை செய்யும். சில போன்கள் அப்படி அனுப்புவதே இல்லை, எண்களாகத்தான் வெளியே விடும், அதை அலையாக மாற்ற வயரின் தலைக்குள்ளேயே ஒரு சிப் வேண்டும். டிஏசி என்று பெட்டியில் போட்டிருப்பது அதுதான். கடைக்காரர் ஏமாற்றினார் என்று இல்லை, இந்த போனுக்குப் பொருந்தாத வகை, அவ்வளவுதான்.

மதுரை அண்ணன்: வெளியிலிருந்து மாட்டுகிற சாமானைப் போன் ஏற்றுக்கொள்ள ஓடிஜி என்று செட்டிங்கில் ஒன்று உண்டே, அதை ஆன் செய்ய வேண்டும் என்பார்கள். சிலவற்றில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானாகவே அணைந்துவிடும்.

நான்: சில போன்களில் உண்டு அண்ணே. சித்தி, அதையும் பாருங்கள். ஆனால் சிப் இல்லாத வயருக்கு அது உதவாது.

கானாடுகாத்தான் சித்தி: அப்படி ஒரு செட்டிங்கே இதில் இல்லை. எதிர் வீட்டுப் பையனிடம் டிஏசி வயர் இருக்கிறதாம், எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

(இரவு 8.10)

கானாடுகாத்தான் சித்தி: மாட்டியாயிற்று, இயர்போனில் சத்தம் வருகிறது. ஆனால் ஐயாவுக்குத் திருப்தி இல்லை. வயலினும் மிருதங்கமும் தூரத்தில் கேட்கிறதாம், பாடுகிறவரைக் காணோமாம். ரொம்பப் பழைய பதிவு ஒன்று போட்டால் சுத்தமாக ஒன்றுமே இல்லையாம். "பாடுகிறவர் எங்கே போனார்" என்று என்னைக் கேட்கிறார்கள்!

நான்: இதை ஐயா இவ்வளவு சரியாகச் சொன்னதே பெரிய உதவி. இயர்போன் பின்னைப் பாருங்கள், எத்தனை கறுப்பு வளையம்?

கானாடுகாத்தான் சித்தி: மூன்று.

நான்: சரி, பின்னை நன்றாக உள்ளே அழுத்துங்கள், பாதியில் நின்றாலும் இப்படித்தான் கேட்கும். அப்படியும் குரல் வராவிட்டால், வயரில் மைக் இருக்கிற இடத்தில் சின்ன பட்டன் இருக்குமே, பாட்டு ஓடும்போது அதை அமுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் சித்தி: அழுத்தியும் அப்படியேதான் இருந்தது. பட்டனை அமுக்கினால் குரல் வருகிறது! விட்டால் போய்விடுகிறது!! ஐயா நாலு தடவை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறார்கள்.

மதுரை அண்ணன்: இது எப்படிடா?

நான்: அண்ணே, பின்னில் மூன்று வளையம் என்றால் நாலு தொடுப்பு. நுனியில் இடது காது, அடுத்தது வலது காது. மீதி இரண்டில் ஒன்று மைக், ஒன்று இரண்டு காதுக்கும் பொதுவான திரும்பும் கம்பி. பழைய போன்கள் சிலவற்றில் அந்தக் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். ஐயாவின் இயர்போன் அந்தக் காலத்து வரிசை, புது வயர் இன்றைய வரிசை, அதனால் பொதுக் கம்பி சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. அது சேராவிட்டால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதில் விழும். பாடுகிறவர் குரலை நடுவில் இருப்பது போல இரண்டு பக்கமும் சமமாகத்தான் வைப்பார்கள், சமமாக இருப்பது ஒன்றையொன்று தின்றுவிடும். பக்கவாத்தியம் ஓரத்தில் இருப்பதால் தப்பிக்கிறது. பழைய மோனோ பதிவில் இரண்டு பக்கமும் ஒன்றேதான், அதனால் எல்லாமே போய்விட்டது. பட்டனை அமுக்கும்போது மைக் கம்பியும் பொதுக் கம்பியும் உள்ளே ஒட்டிக்கொள்கிறது, குரல் திரும்பி வருகிறது.

தேவகோட்டை மாமா: சபாஷ். இதற்கு நான் புதுசு வாங்கச் சொன்னேனே.

கோவை ஆச்சி: அப்போ ஐயா ராத்திரி பூரா பட்டனைப் பிடித்துக்கொண்டா படுப்பார்கள்?

நான்: வேண்டாம் ஆச்சி. வீட்டில் மைக் இல்லாத இயர்போன் இருக்கிறதா சித்தி? இரண்டு வளையம்தான் இருக்கும். அதில் இந்தக் குழப்பமே கிடையாது.

கானாடுகாத்தான் சித்தி: டிவிடி பிளேயருக்கு வாங்கியது இரண்டாம் கட்டு அலமாரியில் கிடக்கும், இரு, பார்க்கிறேன்.

(இரவு 8.50)

கானாடுகாத்தான் சித்தி: கேட்கிறது. குரல் நடுவில் நிற்கிறதாம், அந்தப் பழைய பதிவும் பாடுகிறதாம். நான் சாப்பிடக் கூப்பிட்டது ஐயா காதில் விழவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு தாளம் போடுகிறார்கள்.

மதுரை அண்ணன்: டிஏசி வயர் ஒன்று இப்போதே ஆர்டர் போடுகிறேன். அந்த 120 ரூபாய் வயரைத் தூக்கிப் போட வேண்டாம் சித்தி, என் பழைய போனுக்கு ஆகிறதா பார்க்கிறேன்.

கானாடுகாத்தான் சித்தி: சரி. எதிர் வீட்டுப் பையன் நாளை காலை 8 மணிக்கு காலேஜ் பஸ் ஏறுவதற்கு முன் வயரைத் திருப்பித் தர வேண்டும். இப்போது போய்க் கழற்ற எனக்கு மனசு வரவில்லை, விடியற்காலைத் தேவாரமும் கேட்டு முடிக்கட்டும், அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்.