துண்டுக்குள் விரல் பிடிப்பது மொழி தெரியாததாலா?

தகடூரான்: கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுவோருக்கு ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காததால்தான் துண்டுக்குள் விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசுகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சந்தையைப் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்தவர் போலும். அப்படியானால் பெரும்பாலும் தமிழரே வாங்கி விற்கும் எங்கள் தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலம் சந்தையில் துண்டு எதற்கு?

ஓசூர்வாசி: எழுதியவன் நான்தான், நேராகவே திட்டலாம். கர்நாடக எல்லையை ஒட்டிய தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் வீட்டில் ஒரு மொழியும் கடைவீதியில் வேறொரு மொழியுமாக வாழ்கிறோம். அங்கே பிறந்த வழக்கம் பிற ஊர்களுக்கும் பரவியிருக்கலாம். எல்லையில் வாழாதவர்களுக்கு இது எட்டாது.

தகடூரான்: இரண்டு மூன்று மொழி பேசுகிறவருக்கு மொழி எப்படி ஐயா தடையாகும்? தரகர் துண்டைப் போர்த்திக் கையைப் பற்றுகிறார். ஒரு விரல் நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தவுடன் இருவருக்கும் தெரியும். பிடிக்காவிட்டால் கையை உதறுவார்கள். கூட்டத்தின் நடுவே வாய்விட்டுச் சொன்ன விலையிலிருந்து இறங்குவது விற்பவருக்கு மானக்கேடு. துண்டுக்குள் எத்தனை முறை இறங்கினாலும் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. இதுதான் பண்பாடு. காரிமங்கலத்துக்குப் பதில் வரவில்லை.

பர்கூர் விவசாயி: பொள்ளாச்சியிலும் இதே துண்டுதான். சண்டையை நிறுத்துங்கள்.

ஓசூர்வாசி: பொள்ளாச்சிக்குக் கேரள வியாபாரிகள் வருகிறார்களே! என் கருத்துக்குச் சான்று தந்த விவசாயிக்கு நன்றி.

பர்கூர் விவசாயி: நான் எப்போது சான்று தந்தேன்? என் வாயில் சொல்லைத் திணிக்க வேண்டாம்.

ஓசூர்வாசி: 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதிலிருந்தே தருமபுரிக்காரர்களுக்கு எங்கள் மேல் ஒரு காய்ச்சல்.

தகடூரான்: 1965இல் சேலத்திலிருந்து நாங்கள் பிரிந்தபோது சேலத்தாருக்குக் காய்ச்சல் வந்ததாகத் தெரியவில்லை. மாவட்டம் எதற்கு இப்போது? சென்ற மாதம் மாங்கூழ் ஆலை பற்றிய விவாதத்திலும் தாங்கள் இப்படித்தான் நழுவினீர்கள்.

ஓசூர்வாசி: அந்த விவாதத்தில் நழுவியவர் யார் என்பதை எல்லோரும் படித்தார்கள். வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிக்கு வந்து, ஆந்திர வியாபாரியிடம் தமிழிலேயே விலை பேசி ஒரு கிடாரி வாங்கிக் காட்டுங்கள்.

தகடூரான்: தாராளமாக வருகிறேன். அதற்கு முன் செவ்வாய்க்கிழமை காரிமங்கலத்துக்கு வந்து, அங்கே துண்டு போடும் தமிழர் இருவருக்கும் எந்த மொழி தெரியாது என்று கேட்டு எழுதுங்கள். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.