பட்டியலில் முகவரி இருக்கிறது, மெயில் மட்டும் போகவில்லை

வேலையை விட்டுப் போன ஒருவர் பார்த்துவந்த அமேசான் எஸ்இஎஸ் (மென்பொருள்களிலிருந்து மெயில் அனுப்ப உதவும் சேவை) கணக்கு என் கைக்கு வந்தது. எந்தெந்த முகவரியிலிருந்து மெயில் போகிறது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். சரி, கணக்கையே கேட்டுவிடுவோம் என்று கமாண்ட் லைனில் லிஸ்ட்-ஐடென்டிட்டீஸ் அடித்தேன். டொமைன்களும் தனி மெயில் முகவரிகளும் கலந்து நீளமாக வந்து விழுந்தது. அதிலிருந்த ஒரு முகவரியை வைத்து டீமில் சோதனை மெயில் அனுப்பினால், முகவரி சரிபார்க்கப்படவில்லை என்று மெசேஜ் ரிஜெக்டட் பிழை. கண்ணெதிரே பட்டியலில் இருக்கிறதே!

அந்தக் கட்டளை, பதிந்து வைத்த எல்லாப் பெயர்களையும் கொட்டிவிடும். சரிபார்ப்பு முடிந்ததா, நிலுவையா, தோற்றதா என்பதைப் பார்ப்பதே இல்லை. நிலையைத் தெரிந்துகொள்ள கெட்-ஐடென்டிட்டி-வெரிஃபிகேஷன்-ஆட்ரிபியூட்ஸ் என்று தனியாகக் கேட்க வேண்டும். ஒரு தடவைக்கு 100 பெயர்கள் வரை கொடுக்கலாம், ஆனால் நொடிக்கு ஒரு அழைப்புதான். கேட்டுப் பார்த்ததில் அந்த முகவரியின் நிலை ‘ஃபெயில்டு’. உறுதிப்படுத்தச் சொல்லி வரும் மெயிலில் உள்ள இணைப்புக்கு ஆயுள் 24 மணி நேரம். அந்த நேரத்தில் யாரும் அதை அழுத்தவில்லை போல. பெயர் மட்டும் பட்டியலிலேயே தங்கிவிட்டது.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

* * *

நடந்திருக்கிறது. பழைய ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். லிஸ்ட்-வெரிஃபைட்-இமெயில்-அட்ரஸஸ் என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்தால் நமக்கு வேண்டியது இதுதான் என்று தோன்றும். 2012 மே மாதம் டொமைன் சரிபார்ப்பு வந்தபோதே அதை வழக்கொழிந்ததாக அறிவித்துவிட்டார்கள். தனி முகவரிகளை மட்டும்தான் அது காட்டும், டொமைன்கள் தெரியாது. எங்கள் ஆபீசில் எல்லாமே டொமைன் வழியாகத்தான், அதனால் ஸ்கிரிப்ட் ஒன்றுமே இல்லாத பட்டியலைக் காட்ட, கணக்கே காலியாகிவிட்டது என்று ஒரு காலைப் பொழுது முழுக்கப் பதற்றம்.

புதிதாக ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் நேராக வி2வுக்கு, அதாவது இந்தக் கட்டளைகளின் புதிய பதிப்புக்கு, போய்விடுங்கள். அதிலுள்ள லிஸ்ட்-இமெயில்-ஐடென்டிட்டீஸ் சரிபார்க்காதவற்றையும் சேர்த்துத்தான் தரும், ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்திலேயே நிலையும், அதிலிருந்து அனுப்ப முடியுமா என்பதும் வந்துவிடும். இரண்டு தடவை கேட்கும் தொல்லை இல்லை. இன்னும் பாக்கி இருக்கிறது என்று காட்டும் நெக்ஸ்ட் டோக்கன் வந்தால் மட்டும் விடாமல் அடுத்த பக்கத்தையும் எடுங்கள்.

* * *

ரீஜனை (அமேசான் தன் சேவையைப் பிரித்து வைத்திருக்கும் வட்டாரம்) யாரும் சொல்லவில்லையே? பட்டியல் ரீஜனுக்கு ரீஜன் தனி. யுஎஸ்-ஈஸ்ட்-1ல் சரிபார்த்த டொமைன் ஈயு-வெஸ்ட்-1ல் செல்லாது, அங்கே மறுபடி முதலிலிருந்து. பிழைச் செய்தியைக் கடைசி வரை படித்தால் எந்த ரீஜனில் தேடினேன் என்று அதுவே சொல்லும். முக்கால்வாசிப் பேர் முதல் வரியோடு நிறுத்திவிட்டு டிஎன்எஸ்ஸை (டொமைனுக்கான பதிவுகள் இருக்கும் இடம்) நோண்டப் போய்விடுகிறார்கள்.

* * *

எங்களுக்கு நேர்ந்தது தலைகீழ். பட்டியலில் இல்லாத முகவரியிலிருந்து மெயில் ஜோராகப் போகும், எங்கள் மென்பொருள்தான் தடுத்துக்கொண்டிருந்தது. அனுப்பும் முன் அந்த முகவரி பட்டியலில் உண்டா என்று ஒரு சோதனை வைத்திருந்தார்கள். வாடிக்கையாளரோ டொமைனை மட்டும் சரிபார்த்திருந்தார். டொமைன் சரியானால் அதிலுள்ள எந்த முகவரிக்கும், துணை டொமைனுக்கும் தனிச் சரிபார்ப்பு வேண்டியதில்லை. ஆகவே முழு முகவரி, அதன் டொமைன், அதற்கு மேலுள்ள டொமைன் என்று படிப்படியாகத் தேட வேண்டும். தனி முகவரியாகச் சரிபார்த்திருந்தால் @ குறிக்கு முன்னால் உள்ள பகுதியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கும் பழக்கம் இங்கே கவிழ்த்துவிடும்.

டொமைனும் அதிலுள்ள ஒரு முகவரியும் இரண்டுமே பட்டியலில் இருந்தால், முகவரிக்கு வைத்த அமைப்புதான் மேலோங்கும். திரும்பி வரும் மெயில்களின் அறிவிப்பு எங்கே போகிறது என்று தெரியாமல் முழிப்பவர்கள் முதலில் அங்கே பாருங்கள்.

* * *

டொமைன் ‘பெண்டிங்’கிலேயே நின்றால் டிகேஐஎம்முக்கு (மெயிலில் டொமைனின் கையொப்பமிடும் முறை) டிஎன்எஸ்ஸில் கொடுத்த மூன்று சிநேம் (CNAME) பதிவுகளின் பெயரை ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். சில டிஎன்எஸ் சேவைகள் நாம் இட்ட பெயரின் முடிவில் டொமைனைத் தாமாகவே ஒட்டிவிடும். எங்களுடையது example.com.example.com என்று முடிந்திருந்தது. எஸ்இஎஸ் பதிவைக் கண்டுபிடிக்க 72 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், சும்மா காத்திருந்தே மூன்று நாள் போய்விடும்.

* * *

முதலில் எழுதிய நண்பருக்கு: அந்தப் பட்டியலில் ஊழியர்களின் சொந்த முகவரிகள் கிடந்தால் அவற்றை அனுப்புநர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்கு சாண்ட்பாக்ஸில் (புதுக் கணக்குகளுக்கான கட்டுப்பாடுள்ள சோதனை நிலை) இருக்கும்போது பெறுபவரும் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும், அதனால் சோதனைக்காகச் சேர்த்த பெயர்களாக இருக்கலாம். நீக்கும் முன், எந்த ப்ரோகிராமாவது அதிலிருந்து அனுப்புகிறதா என்று டீமில் கேட்டுவிடுங்கள்.